மூலையில் முத்திரை இல்லாத கண்ணாடி

மதுரையில் ஓர் ஐந்து மாடி ஜவுளிக்கடையின் கண்ணாடி லிஃப்டில் முத்துமீனா ஆறு வருஷமாக வேலை பார்த்துவந்தாள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த ஒரு கடைதான் அப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டு ஊர். பத்தாவது வரை படித்தவள். கணவன் காளை லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகள் சுபலட்சுமி ஒன்பதாவது படிக்கிறாள். காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஒன்பது மணிக்குள் கடைக்கு வந்துவிடுவாள். கடை திறக்குமுன் லிஃப்டைத் துடைக்க வேண்டும். திறந்த பிறகு இரவு எட்டு வரை உள்ளேயே நின்றுகொண்டு, “எந்த மாடிங்க” என்று கேட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். ஸ்டூல் போட்டால் ஒரு வாடிக்கையாளர் நிற்கும் இடம் போய்விடும் என்றார் மேலாளர் சொக்கநாதன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

லிஃப்டின் பின்பக்கம் முழுவதும் கண்ணாடி. மேலே போகப் போகத் தெருவும் எதிர்வரிசைக் கடைகளும் கீழே இறங்கும். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப ஏறும். அந்தக் கண்ணாடியின் வலது கீழ் மூலையில், புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு முத்திரை. ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணும். வேலைக்குச் சேர்ந்த அன்று அதை அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். போகவில்லை. கண்ணாடியோடு சேர்ந்தே வந்தது என்று விட்டுவிட்டாள்.

ஆவணி மாதம் தீபாவளி அலங்கார வேலைக்கு வந்தவர்கள் ஓர் இரும்பு ஏணியை அந்த லிஃப்டிலேயே ஏற்றினார்கள். சாமான் லிஃப்ட் பழுது. ஏணியின் கால் சறுக்கிப் பின்கண்ணாடியில் இடித்தது. இடித்த இடத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடியது. ஆனால் ஒரு பொடிகூடக் கீழே உதிரவில்லை. கண்ணாடி இருந்த இடத்திலேயே நின்றது. அதன் மேல் அகலமான பிளாஸ்டிக் டேப்பை ஒட்டி, ஒன்பது நாள் அப்படியே லிஃப்டை ஓட்டினார்கள்.

பத்தாம் நாள் காலையில் முத்துமீனா வந்தபோது புதுக் கண்ணாடி இருந்தது. வைப்பரை வைத்து இழுத்ததும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. பழைய கண்ணாடி சுவர் மாதிரி இருக்கும். இது லேசாக அதிர்ந்தது. தட்டினால் சத்தமும் வேறு. மூலையைப் பார்த்தாள். முத்திரை இல்லை.

சொக்கநாதன் மாடி மாடியாகச் சுற்றி வரும்போது சொன்னாள்.

“சார், பழைய கண்ணாடியில மூலையில ஒரு முத்திரை இருக்கும். இதுல காணோம். கண்ணாடியும் லேசா ஆடுது.”

“கண்ணாடிக்கு எதுக்கும்மா பச்சை குத்தணும்? நீ தொடைக்கிற வேலையப் பாரு.”

பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்கள் சிரித்தார்கள். முத்துமீனாவும் தலையைக் குனிந்துகொண்டாள். தெரியாத விஷயத்தில் வாயைக் கொடுத்துவிட்டோம் என்று அன்று முழுவதும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கேள்வி கேட்டவள் கூசினாள். பதில் சொல்ல வேண்டியவர் சிரித்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி. நாலாவது மாடிப் பட்டுப் பிரிவிலிருந்து ஆறு பேர் ஏறினார்கள். முத்துமீனாவோடு ஏழு. பத்துப் பேர் ஏறலாம் என்று உள்ளேயே எழுதியிருக்கிறது. பின்கண்ணாடியை ஒட்டி, கட்டைப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் நின்றார். பெயர் ஸ்யாமளா என்பதும், அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதும் முத்துமீனாவுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் சாய்ந்தார்கள். பட்டென்று ஒரு சத்தம். முத்துமீனா திரும்பினாள். கண்ணாடியின் உச்சியிலிருந்து அடிவரை கோடு விழுந்திருந்தது. அவள் வலது கையை நீட்டி அந்த அம்மாளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அதே நேரத்தில் கண்ணாடியின் மேல்பாதி உள்பக்கம் சரிந்து அவள் கையின் மேல் இறங்கியது. கீழ்ப்பாதி வெளியே விழுந்து கடை முகப்புத் தகரத்தில் மோதியது. அவர்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மூன்று மாடி உயரத்தில் தெருக்காற்று உள்ளே வந்தது.

“யாரும் பின்னாடி போகாதீக. ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கங்க. கதவு தெறந்துரும்” என்றாள். இடது கையால் கதவு திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது. ஆறு பேரும் நடந்து வெளியே போனார்கள். ஏழாவதாக அவள் வந்து, அளவுநாடா தொங்கும் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சதை திறந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து முப்பத்தொரு தையல் போட்டார்கள். விரலை மடக்குகிற தசைநார் அறுந்துவிட்டது, சேர்த்துத் தைத்திருக்கிறோம், மோதிர விரலும் சுண்டு விரலும் எந்த அளவுக்கு மடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் சொக்கநாதன் வார்டுக்கு வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்திருந்தார். ஒரு காகிதமும் மை டப்பாவும் கொண்டுவந்திருந்தார்.

“எப்படிம்மா இருக்க? ஆஸ்பத்திரிய நெனச்சுக் கவலப்படாத, கடை பாத்துக்கும். இதுல ஒரு ரேகை மட்டும் வச்சுரு. இன்சூரன்ஸுக்கு.”

வலது கை கட்டுக்குள் இருந்ததால் அவரே அவளுடைய இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலை மையை நோக்கிக் கொண்டுபோனார். முத்துமீனா கையை உருவிக்கொண்டாள்.

“சார், நான் பத்தாவது பாஸு. எடக்கையாலயே என் பேர எழுதிருவேன். அதுக்கு முன்னாடி என்ன எழுதிருக்குன்னு படிக்கணும்.”

அவர் தயங்கிவிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். நான்கே வரி. ‘பணியில் இருந்தபோது, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் வைப்பரால் நான் அஜாக்கிரதையாகத் தட்டியதில் லிஃப்டின் கண்ணாடி உடைந்தது. இதற்கு நானே முழுப் பொறுப்பு. நிர்வாகத்தின் மீது எந்தக் குறையும் இல்லை.’

இரண்டு முறை படித்தாள்.

“ஞாயித்துக்கெழம மூணரை மணிக்கு, உள்ள ஆளுகள ஏத்திக்கிட்டு, எவ சார் கண்ணாடி தொடைப்பா?”

“அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா.”

“எம்பேருல குத்தம் எழுதுறது ஒங்களுக்கு ஃபார்மாலிட்டியா?”

“யோசிச்சுச் சொல்லு. திரும்ப வேலைக்கு வரணும்ல” என்று எழுந்தார். காகிதத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். மை டப்பாவை மறந்துவிட்டுப் போனார். சாயங்காலம் கூட்ட வந்த பெண்ணிடம் சொல்லி முத்துமீனா அதைக் குப்பையில் போட வைத்தாள்.

காளைக்குப் பயம். அவன் கெட்டவன் இல்லை. சிறு வயதிலிருந்து பெரிய கடைகளின் பின்வாசலில் மூட்டை இறக்கியே பழகியவன்.

“வச்சு விட்டுத் தொலைய வேண்டியதுதானே. அவுக கூட நம்ம மல்லுக்கட்ட முடியுமா? ஒரு வார்த்தைதான.”

“ஏழு உசுரு அந்த லிஃப்டுக்குள்ள இருந்துச்சு. ஒன்னுகூடக் கீழ போகல. அது யாரால? அப்படியிருக்க, காயிதத்துல நான் குத்தவாளி. நாளைக்கு வேற கடைக்குப் போனா, கண்ணாடிய ஒடச்ச பொம்பளைன்னுதான் சொல்லுவாய்ங்க. ஒனக்கு அது ஒரு வார்த்தையா?”

காளை எழுந்தான். டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். வந்து, “சரி, வைக்காத” என்றான்.

ஒரு வாரம் கழித்து ஸ்யாமளா டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கடையில் விசாரித்திருக்கிறார். ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பாமல், வார்டு வார்டாகத் தேடி வந்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு துண்டில் சுற்றிய பொருளை எடுத்தார்.

“அன்னிக்கு வாங்கின புடவையைப் பையிலிருந்து எடுத்தேன். இது கூட வந்தது. தூக்கிப் போட மனசு வரலை. இது என் கழுத்துக்கு வந்திருக்க வேண்டியது.”

கண்ணாடித் துண்டு. ஒரு சாணுக்கு மேல் நீளம். நுனி கத்தி மாதிரி கூராக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் பாதி உரிந்து தொங்கியது.

முத்துமீனா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணி இடித்தபோது பொடிகூட உதிராத கண்ணாடி நினைவுக்கு வந்தது. முத்திரையைப் பற்றியும், பச்சை குத்துவது என்று சிரித்ததைப் பற்றியும் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் கேட்டுவிட்டு, “அப்போ நீ கேட்டதுதான் சரியான கேள்வி. பதில் தெரிஞ்சவங்க யாருன்னு பார்ப்போம்” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், காளையின் வண்டியில் முத்துமீனாவும் டீச்சரும் ஆரப்பாளையத்துக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் விருமாண்டி என்பவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அங்கே கண்ணாடி லோடு இறக்கிக் காளைக்கு அவரோடு பழக்கம். ஐம்பது வயசு இருக்கும். பத்து விரலிலும் பழைய வெட்டுத் தழும்பு. துண்டை வாங்கி வெயிலில் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் பிளாஸ்டிக் தாளைச் சுரண்டினார்.

“தாயி, இது சாதா கண்ணாடி. அஞ்சு எம்எம். வீட்டு சன்னலுக்குப் போடுறது. பாக்க நல்லாருக்கணும்னு மேல ஸ்டிக்கர் ஒட்டிருக்காய்ங்க. இத எங்க மாட்டியிருந்தாய்ங்க?”

“லிஃப்டுல அண்ணே.”

விருமாண்டி துண்டைக் கீழே வைத்தார். உள்ளே போய், அரையடிச் சதுரத்தில் ஒரு கண்ணாடியை எடுத்து வந்து சாக்கின் மேல் போட்டுச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். சிலந்தி வலை மாதிரி விரிசல் விழுந்தது. கையில் தூக்கி உதறிக் காட்டினார். ஒரு துணுக்கும் விழவில்லை.

“இது லேமினேட்டட். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு ஷீட்டு வச்சு ஒட்டிருக்கும். ஒடஞ்சாலும் எடத்த விட்டு நகராது. லிஃப்டுச் செவுத்துக்கு இதத்தான் போடணும். யாரு செஞ்சது, என்ன ரகம், எம்புட்டுத் தடிமன்னு மூலையில முத்திரை இருக்கணும். மாட்டி முடிச்ச பெறகும் அது கண்ணுக்குத் தெரியணும். விதியே அப்படித்தான்.”

“டஃபன் கண்ணாடின்னு சொல்றாங்களே, அது?” என்றார் டீச்சர்.

“அது கல்கண்டு மாதிரி உதிர்ந்துரும் டீச்சர். கைய இப்படிக் கிழிக்காது. ஆனா உதிர்ந்த பெறகு முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்கு? வெட்டவெளி. சாயுற ஆளு கீழதான் போகணும். அதுனாலதான் ஒட்டுன கண்ணாடி.” பிறகு, “எந்தக் கடை லிஃப்டு?” என்று கேட்டார்.

முத்துமீனா பெயரைச் சொன்னாள். விருமாண்டியின் முகம் மாறிவிட்டது.

“ஆவணியில எங்கிட்டயும் கேட்டாக. லேமினேட்டட் அந்த அளவுல ஆர்டர் குடுத்து வர மூணு வாரம் ஆகும்னேன். தீவாளி சீசன், அம்புட்டு நாளு லிஃப்ட நிப்பாட்ட முடியாது, இப்போதைக்குச் சாதாவப் போடுன்னாக. நான் மாட்டேன்னுட்டேன். வேற எவனோ போட்டிருக்கான்.”

அவர் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். முத்துமீனாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“மாட்டேன்னு சொன்னீக. சரி. அவுக வேற ஆள வச்சுப் போடுவாகன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. வெளிய யார்ட்டயாச்சும் சொன்னீகளா? அந்தக் கடையில ஆளுக ஏறி எறங்குறாகன்னு தெரியும்ல?”

விருமாண்டி உடைந்த கண்ணாடியைச் சாக்கில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

“சொல்லல தாயி. யாவாரம், நாளைக்கு அவுக மூஞ்சியில முழிக்கணும்னு இருந்துட்டேன். தப்புத்தான். எங்க வந்து சொல்லணும்னாலும் சொல்றேன்.”

“சொல்லுறது பத்தாது. எழுதிக் குடுங்க” என்றாள். கல்லாவில் இருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

லிஃப்டுகளுக்கு உரிமம் கொடுக்கிற அரசு அலுவலகத்துக்கு அன்று இரவே மனு தயாரானது. முத்துமீனா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். ‘வைப்பர்’ என்ற சொல் வந்த இடத்தில் முத்துமீனா நிறுத்தி, அது பிளாஸ்டிக் பிடி போட்டது என்பதையும் சேர்க்கச் சொன்னாள். கடைசியில் இடது கையால் தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் கோணலாக வந்தன. முதல் தாளைக் கிழித்துவிட்டு, இன்னொரு தாளில் மறுபடி எழுதினாள்.

கார்த்திகை பிறந்து பத்து நாள் கழித்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்று கடைக்கு வந்த அதிகாரி மைத்ரேயி என்ற இளம் பொறியாளர். கையில் அளவுநாடாவும் டார்ச் லைட்டும். அதிகம் பேசாதவர். அதற்குள் கடைக்காரர்கள் லிஃப்டுக்கு வேறு கண்ணாடி போட்டிருந்தார்கள். கனமான கண்ணாடி. வலது கீழ் மூலையில் பளிச்சென்று முத்திரை. அதைப் பார்த்ததும் காளை, “போச்சு” என்று முணுமுணுத்தான்.

சொக்கநாதன் தெம்பாக இருந்தார்.

“மேடம், எங்க லிஃப்ட்ல ஆரம்பத்துல இருந்தே விதிப்படிதான் கண்ணாடி. இந்தம்மா வைப்பரால அடிச்சதுல அது உடைஞ்சது. அதே ரகத்துல புதுசு வாங்கிப் போட்டிருக்கோம். முத்திரையைப் பாருங்க.”

மைத்ரேயி குனிந்து டார்ச் அடித்து முத்திரையைப் படித்தார். குறித்துக்கொண்டார்.

முத்துமீனா கேட்டாள். “அன்னைக்கு ஒடஞ்சதும் இதே ரகமா சார்?”

“இதே ரகம்தான்.”

“மேடம், அத எழுதிக்கங்க.”

அவள் வெளியே போய், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியிலிருந்து தன் வைப்பரை எடுத்து வந்தாள். ஆறு வருஷத்தில் நான்காவது வைப்பர். லிஃப்டுக்குள் நின்று, இடது கையால் ஓங்கிக் கண்ணாடியில் அடித்தாள். சொக்கநாதன், “ஏய், என்ன பண்ற” என்று பாய்ந்து வந்தார். மைத்ரேயி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முத்துமீனா இரண்டாவது முறை அடித்தாள். மூன்றாவது முறை, ஆவணியிலிருந்து நெஞ்சுக்குள் இருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தாள். வைப்பரின் பிடி இரண்டாக ஒடிந்து தொங்கியது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

விற்பனைப் பெண்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

“வைப்பருதான் ஒடியுது சார்” என்றாள். மூச்சு வாங்கியது. “அன்னைக்கும் இதே கண்ணாடின்னா, வைப்பரு பட்டு ஒடஞ்சிருக்காது. ஒடஞ்சாலும் விழுந்திருக்காது. அப்ப என் கைய அறுத்தது எது? கண்ணாடியப் பத்தி நீங்க சொல்றது பொய்யி, இல்லாட்டி என்னப் பத்தி எழுதுனது பொய்யி. ரெண்டும் பொய்யின்னுதான் நான் சொல்றேன்.”

டீச்சர் முன்னால் வந்து துண்டைப் பிரித்து அந்தக் கண்ணாடித் துண்டை அதிகாரியிடம் கொடுத்தார். விருமாண்டி எழுதிக் கொடுத்த காகிதத்தையும் கொடுத்தார். மைத்ரேயி துண்டின் ஓரத்தை அளந்தார். பிறகு சொக்கநாதனிடம், ஆவணியில் மாற்றிய கண்ணாடிக்கு ரசீது கேட்டார். அவர் இல்லை என்றார். இப்போது மாட்டியிருக்கும் கண்ணாடிக்கு ரசீது கேட்டார். அது இருந்தது. தேதி, விபத்து நடந்து பத்தொன்பது நாள் கழித்து.

“விபத்து நடந்ததை எங்களுக்கு ஏன் தெரிவிக்கலை?” என்று கேட்டார். சொக்கநாதன் முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். “கேட்டு, எழுத்தில் கொடுங்க. முழுசா பரிசோதிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த லிஃப்ட் ஓடக் கூடாது” என்று சொல்லி மின்சாரப் பெட்டியை அணைத்துப் பூட்டச் செய்தார்.

படி இறங்கும்போது சொக்கநாதன் முத்துமீனாவுக்குப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “ஆறு வருஷம் சோறு போட்ட கடைம்மா” என்றார்.

“நான் நின்னு சம்பாதிச்ச சோறு சார். நீங்க ஒரு ஸ்டூலுகூடப் போடல” என்றாள்.

தை மாதம் பிறந்ததும் கடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. சுபலட்சுமி அகராதி வைத்துப் படித்துச் சொன்னாள். கடை எழுதிவைத்திருந்த விபத்து அறிக்கையில் ஊழியரைப் பற்றி இருந்த குறிப்பு ‘விலக்கிக்கொள்ளப்படுகிறது’ என்று இருந்ததாம். முத்துமீனா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கடையின் பணியாளர் அலுவலகத்தின் மேசையில் வைத்தாள்.

“எம்மேல குத்தம் எழுதும்போது தமிழ்ல எழுதுனீக. இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் இங்கிலீஷா? தமிழ்ல குடுங்க. போர்டுலயும் ஒட்டுங்க.”

இரண்டு முறை அலையவிட்டார்கள். மூன்றாம் முறை கொடுத்தார்கள். ‘கண்ணாடி உடைந்ததற்கு ஊழியர் முத்துமீனாவின் அஜாக்கிரதை காரணம் அல்ல.’ ஒரே வரி. உண்மையில் யார் காரணம் என்று அதில் இல்லை. ஊழியர்கள் சாப்பிடும் அறையில், விடுமுறைப் பட்டியலுக்கும் செருப்பை வரிசையாக விடவும் என்ற அறிவிப்புக்கும் நடுவில் அதை ஒட்டினார்கள். முத்துமீனா போட்ட நஷ்டஈட்டு வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கிறது. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. சொக்கநாதனை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று எல்லாரும் நினைத்தார்கள். அங்கே அவர்தான் பெரிய மேலாளர் என்று பிறகு தெரிந்தது.

முத்துமீனாவின் இரண்டு விரல்களும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மகளுக்குச் சடை பின்ன முடிவதில்லை. குடத்தை இடது இடுப்பில்தான் தூக்குகிறாள். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் கை வழுக்குகிறது. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் அந்த மூன்று வாரம் நினைவுக்கு வருகிறது. மூன்று வாரம் லிஃப்டை நிறுத்தியிருந்தால் போதும். ஜனங்கள் படியேறிப் போய்ப் புடவை வாங்கியிருப்பார்கள்.

லிஃப்டுக்கு மறுபடி அனுமதி கிடைத்த பிறகு அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போவதாகச் சொன்னதும் காளைக்குக் கோபம் வந்தது.

“அம்புட்டும் நடந்த எடத்துக்கு என்னத்துக்குத் திரும்பப் போற? வேற வேல இல்லையா?”

“தப்புப் பண்ணுனவுக இருக்காக. நான் எதுக்கு ஒதுங்கிப் போகணும்? நான் அங்கதான் நிப்பேன்.”

மாசி மாதம் முதல் தேதி மறுபடி அந்த லிஃப்டில் நின்றாள். ஸ்யாமளா டீச்சர் மாதம் ஒரு முறையாவது வந்து, எதுவும் வாங்காமல், நாலு மாடியும் ஏறி இறங்கிப் பேசிவிட்டுப் போவார். ஊரில் வேறு எங்காவது கண்ணாடி லிஃப்டில் ஏற நேர்ந்தால் முத்துமீனா மூலையைப் பார்க்காமல் இருப்பதில்லை. முத்திரை இல்லாத இரண்டு இடங்களைப் பற்றி மனு எழுதிப் போட்டிருக்கிறாள். ஒன்றுக்குப் பதில் வந்தது.

பங்குனியில் ஒருநாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன விற்பனைப் பெண் ஒருத்தி புடவைக் கட்டோடு லிஃப்டில் ஏறினாள். முத்துமீனாவின் கைத்தழும்பைப் பார்த்துவிட்டு, வெள்ளந்தியாகக் கேட்டாள்.

“அக்கா, தீவாளிக்கு வைப்பரால அடிச்சுக் கண்ணாடிய ஒடச்சது நீங்கதானாக்கா? கேஷ்ல இருக்கவுக சொன்னாக.”

முத்துமீனா கதவு திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் தரைத்தளத்திலேயே நின்றது.

“சாப்பாட்டு ரூம்ல போர்டு இருக்கு. அதுல எம்பேரு போட்டு ஒரு காயிதம் ஒட்டிருக்கு. போயிப் படி. படிச்சுட்டு, கேஷ்ல இருக்கவுகளயும் கூட்டிட்டுப் போயிப் படிக்கச் சொல்லு. நீ வார வரைக்கும் இந்த லிஃப்டு இங்கதான் நிக்கும்.”

அந்தப் பெண் கட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். வெளியே நான்கு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். ஒருவர், “என்னம்மா, போகலையா?” என்று கேட்டார்.

“ஒரு நிமிஷங்க” என்றாள் முத்துமீனா. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.